பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இன்ஜின் அதிகம் சூடாகிறதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

1960களில் வந்த எம்.ஜி.பி போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் டெம்பரேச்சர் முள் சிவப்பை நெருங்கியதும் பலர் புது ரேடியேட்டர் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன், வண்டி நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போது சூடேறுகிறதா என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முள் சொல்வது உண்மைதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) கூட்டின் மீது பிடித்துப் பாருங்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜினில் 85 முதல் 95 டிகிரி வரை காட்டினால் பிழை பெரும்பாலும் மீட்டரில்தான்.

நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமெடுத்ததும் தணிந்தால், காற்றோட்டம்தான் போதவில்லை. விசிறி, அதன் பெல்ட், விசிறியைச் சுற்றியுள்ள உறை, ரேடியேட்டரின் ஓரங்களில் காற்று விலகிப் போகாமல் அடைக்கும் ரப்பர் பட்டைகள் ஆகியவற்றைப் பாருங்கள். மாறாக, நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூடச் சூடும் கூடினால், நீரோட்டத்தில் தடை இருக்கலாம். இன்ஜின் வேகத்தைக் கூட்டும்போது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்க வேண்டிய கம்பிச் சுருள் துருப்பிடித்துப் போயிருந்தால் இப்படி ஆகும். சூடான ரேடியேட்டரின் முகப்பில் தெர்மாமீட்டரை நகர்த்தும்போது ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால், அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன.

ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் சூடு தணியாவிட்டால், சிலிண்டர்கள் அமைந்துள்ள இன்ஜின் பிளாக்கைச் சந்தேகியுங்கள். இந்த இடத்தை விட்டுவிடுவதால்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றுங்கள். பல பழைய இன்ஜின்களில் ஒரு சொட்டுகூட வராது. துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் கிளறினால், செங்கல் நிறத்தில் குழைவான துருச்சேறு முதலில் கசியும், பிறகு திடீரென்று நீர் பீறிடும். அந்தச் சேறு பெரும்பாலும் பின் சிலிண்டரைச் சுற்றியே படிந்திருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, தெளிந்த நீர் வரும்வரை இரு திசையிலும் நீரைப் பாய்ச்சிக் கழுவுங்கள்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதில் பொறித்துள்ள அளவை ஒட்டித் திறக்கிறதா என்பது தெரிந்துவிடும். அது இல்லாமலே ஓட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்பதில்லை. குளிர்ந்த இன்ஜின் தேவையான சூட்டை எட்டத் தாமதமாகி, தேய்மானம் கூடும். ரேடியேட்டர் மூடியையும் சோதியுங்கள். ஒவ்வொரு பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமும் கொதிநிலையைச் சுமார் ஒன்றரை டிகிரி உயர்த்தும் என்பதால், தளர்ந்த மூடி சீக்கிரமே கொதிக்கவிடும். அதற்காகத் தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிட அதிக அழுத்தமுள்ள மூடியைப் போட்டால், பழைய ரேடியேட்டரின் ஈயப் பற்றுகள் பிளந்துகொள்ளும்.

குளிர்விப்பில் குறையே இல்லாவிட்டால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தைப் பாருங்கள். தீப்பொறி தாமதமானாலும், டிஸ்ட்ரிபியூட்டரில் தீப்பொறியை முன்கூட்டித் தரும் வேக்குவம் அட்வான்ஸின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தாலும் சூடு கூடும். கார்புரேட்டர் கலவையில் பெட்ரோல் குறைவதும் அப்படியே. கசிவு எங்கும் தெரியாமல் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) குறைந்து, ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம். சிலிண்டரிலிருந்து கசியும் எரிந்த புகையைக் கண்டறியும் நீலச் சோதனைத் திரவம் மஞ்சளானால் அது உறுதி.

எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். ஹீட்டர் வால்வைத் திறந்து, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் சிக்கிய காற்று வெளியேறும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். ஒரு முறை ஓட்டிவிட்டு, இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மட்டத்தைப் பார்த்துக் குறைந்த அளவுக்கு ஊற்றுங்கள்.