ஜைக்கா பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தொழில் மைய அலுவலருக்கு

சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சி பற்றி வெளிநாட்டில் படித்துவர அரசு அலுவலருக்கு இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று, ஜப்பான் அரசின் பன்னாட்டு உதவி அமைப்பான ஜைக்கா நடத்தும் பயிற்சிகள். விமானக் கட்டணம், தங்குமிடம், படி, ஜப்பானுக்குள் களப்பயணம் எல்லாவற்றையும் அவர்களே ஏற்கிறார்கள். இடம் கிடைப்பது மட்டும் எளிதல்ல.

அறிவிப்பு மத்திய பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் சுற்றறிக்கையாக வரும். அது டெல்லியிலிருந்து தலைமைச் செயலகம், ஆணையரகம் என்று இறங்கி நாகர்கோவில் கோணத்தில் உள்ள நம் மாவட்டத் தொழில் மையத்துக்கு வந்து சேரும்போது கடைசித் தேதிக்குச் சில நாளே மிச்சமிருக்கும். நல்ல அலுவலர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஆகவே சுற்றறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். பட்டச் சான்று நகல், பணி விவரம், ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இல்லை என்ற சான்றுக்கான கடித வரைவு ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். இதற்கு முன் போய்வந்த வெளிநாட்டுப் பயிற்சிகளின் பட்டியலும் கேட்பார்கள். விண்ணப்பம் உரிய வழியில்தான் போக வேண்டும்; முன்நகலை மட்டும் நேரே அனுப்பினால் செல்லாது.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பணிப்பதிவேட்டில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு பெயர், பட்டச் சான்றில் மூன்றாவது. விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மற்ற சான்றுகளில் உள்ள வேறுபாட்டுக்கு அலுவலகத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு விளக்கக் கடிதம் இணையுங்கள்.

இனி முக்கியமானது. உங்களை ஏன் அனுப்ப வேண்டும் என்று 50 முதல் 100 சொற்களில் ஒரு நியாயக் குறிப்பு கேட்பார்கள். பெரும்பாலும் மாவட்ட நிலவரம் பற்றிய அறிக்கையும் கேட்பார்கள். இவை இரண்டுமே உங்களுக்காகப் பேசும்.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. "இந்தத் தேனைச் சந்தைப்படுத்த ஜப்பானிய அனுபவம் பெரிதும் உதவும்" என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதற்குப் பதில் இரண்டு மூன்று நாள் செலவிட்டு தேனீ வளர்ப்பவர், தேன் வாங்கும் சங்கம், புட்டியில் அடைப்பவர் மூவரையும் பாருங்கள். ரப்பர் தளிர்விடும் பருவத்தில் தேன் ஒரேயடியாகக் குவிகிறது. தேனீக்கள் அடையை மெழுகால் முழுவதும் மூடும் முன்பே எடுத்தால் தேனில் ஈரம் மிகும். 20 சதவீதத்தைத் தாண்டினால் புளிக்கத் தொடங்கும், வாங்குபவர் திருப்பி அனுப்புவார். ஈரத்தைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் யார் கையில் இருக்கிறது? கொள்முதல் செய்யும் இடத்திலா, புட்டி அடைக்கும் இடத்திலா? எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேருக்குச் சரக்கு திரும்பி வந்தது? இந்த எண்ணிக்கைகளோடு "சிறு உற்பத்தியாளர் பலரிடம் வாங்கும் பொருளின் தரத்தை வாசலிலேயே சோதிக்கும் முறையைக் கற்க விரும்புகிறேன்" என்று முடியுங்கள். தென்னை நாரோ முந்திரியோ உங்கள் பொருளானாலும் இதே வழிதான். ஒரு பொருள், ஒரு கோளாறு, ஒரு கேள்வி போதும்.

தேர்வான செய்தி கிடைத்த அன்றே வெளிநாட்டு விருந்தோம்பலுக்கான எஃப்.சி.2 படிவத்தை இணையத்தில் பதிவு செய்யுங்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பிரிவு 6-இன்படி அரசு ஊழியருக்கு முன் அனுமதி கட்டாயம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது விண்ணப்பம் உள்துறை அமைச்சகத்தைச் சேர வேண்டும். அரசின் பயண அனுமதி ஆணைக்கான கோப்பையும் கூடவே நகர்த்துங்கள். ஒன்று முடியட்டும் என்று மற்றதை நிறுத்திவைத்தால் விசாவுக்கு நாள் போதாது.

ஜப்பானில் நோய் வந்தால் மருத்துவச் செலவை ஜைக்கா பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் பல் சிகிச்சைக்கும் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருந்துச் சீட்டோடு, தங்கும் நாள் முழுவதற்கும் எடுத்துச் செல்லுங்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரைக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு, வேண்டாம். குடும்பத்தாரை அழைத்துப் போக முடியாது.

அங்கே வகுப்புக் குறிப்பை விடப் படிவங்களைச் சேகரியுங்கள். சிறு தொழில்களை ஆராய்ந்து ஆலோசனை சொல்வதற்கென்றே அரசுத் தகுதி பெற்ற 'ஷிந்தான்ஷி' என்ற ஆலோசகர்கள் ஜப்பானில் உண்டு. ஒருவரைச் சந்தித்தால், தொழிற்கூடத்துக்குப் போனதும் முதலில் எதைப் பார்ப்பார், எந்த வரிசையில் கேட்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓயிட்டா மாகாணத்தில் 1979-இல் தொடங்கிய 'ஒரு கிராமம் ஒரு பொருள்' இயக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், எந்தப் பொருளை எடுப்பது என்று முடிவு செய்தது யார் என்பதைக் கேட்டு வாருங்கள். நம் குமரி மாவட்டத்து மட்டி வாழைக்கு அந்தப் பதில்தான் தேவை.

முடிவில் செயல்திட்டம் ஒன்று கேட்பார்கள். புதிய அரசாணையோ புதிய நிதியோ கேட்கும் திட்டம் ஊர் திரும்பியதும் கோப்பிலேயே தூங்கிவிடும். தொழில் மையப் பொது மேலாளரின் அதிகாரத்துக்குள் அடங்குவதை எழுதுங்கள். உணவு சார்ந்த குறுந்தொழில் என்றால், உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. போன்ற மானியத் திட்டம் அப்போது நடப்பில் இருந்தால், அதைக் கொண்டே ஒரு சங்கத்தில் சோதனை முறையைத் தொடங்கலாம். ஆறு மாதத்தில் மாறுதல் ஆணை வரக்கூடும். அதனால் கொண்டுவந்த படிவங்களைத் தமிழாக்கி, ஒரு நகலைப் பிரிவுக் கோப்பிலும் இன்னொன்றைச் சங்கச் செயலாளர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.