தைராய்டும் கண் அழுத்தமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைராய்டு சுரப்பைக் கணிக்க ரத்தத்தில் பார்க்கும் டி.எஸ்.எச். ஹார்மோன் அளவு சரியாக வந்துவிட்டால் கண்ணுக்கும் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில், தைராய்டைத் தாக்கும் உடலின் எதிர்ப்பாற்றலே கண் குழிக்குள் இருக்கும் தசையையும் கொழுப்பையும் வீங்கவைக்கிறது. ஹார்மோன் சீரான பிறகும் இந்த வீக்கம் தொடரலாம். அது கண்ணிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைகளை நெருக்கும்போது கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை நரம்பைப் பழுதாக்கும் கிளாக்கோமா நோயாக அது முற்றினால், இழந்த பார்வை திரும்பாது.

எனக்கு மிகவும் கோபம் வருவது அடுத்த தவறில். கண் சிவந்து உறுத்துகிறது என்று மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்தை வாங்கிவிடுகிறார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு சீக்கிரம் குறையும். அதை நம்பி வாரக்கணக்கில் விட்டுக்கொண்டால் பலருக்கு அழுத்தம் ஏறும். கண் வீக்கத்துக்காக மருத்துவரே ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. இடையிடையே அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அளக்கும் விதத்திலும் பிழை நேர்கிறது. வழக்கமான அளவு 10 முதல் 21 மி.மீ. பாதரசம். கண்ணின் கீழ்த்தசை இறுகியவர்கள் சற்று மேலே பார்த்தாலே அது கூடிவிடும். எனவே, பார்வை எந்தத் திசையில் இருந்தபோது அளந்தார்கள் என்பது முக்கியம்.

ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் சிவப்புத் துணி ஒன்றைப் பாருங்கள், பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளிறித் தெரிந்தால், ‘அழுத்தம்தான், சொட்டு மருந்து போதும்’ என்று இருந்துவிடாதீர்கள். வீங்கிய தசை பார்வை நரம்பை நசுக்கினாலும் இப்படி ஆகும். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கும் கிளாக்கோமாவுக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறோமே என்று கிளாக்கோமா மருந்தை நிறுத்தவும் வேண்டாம். புகைப்பழக்கத்தை மட்டும் விட்டே ஆக வேண்டும், அது தைராய்டு கண் நோயை மோசமாக்குகிறது.

இரண்டு மருத்துவர்களிடம் தனித்தனியாகப் போகிறவர்கள் இரண்டு மருந்துச் சீட்டையும் இருவரிடமும் காட்டுங்கள். படபடப்புக்குத் தரப்படும் புரோப்ரனலால் மாத்திரையும் கண் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டும் ஒரே வகை மருந்துகள். சொட்டு மருந்தும் ரத்தத்தில் கலக்கும். இரண்டும் சேர்ந்தால் நாடித் துடிப்பு அளவுக்கு மீறிக் குறையலாம்.