நாகர்கோவில் பக்கம் வர்றீங்களா? வயித்துல இடம் வெச்சுட்டு வாங்க

வெளிநாட்டுல இருந்து வர்ற நம்ம ஆளுங்க நெறய பேரு கன்னியாகுமரியில சன்ரைஸ் பாத்துட்டு, பீச் பக்கத்துல ஏதோ ஒரு ஹோட்டல்ல பன்னீர் பட்டர் மசாலா தின்னுட்டு கெளம்பிடுறாங்க. அதுக்கு லண்டன்லயே இருந்திருக்கலாமே. சாப்பாடுதான் முக்கியம்னா நாகர்கோவில்ல ரூம் போட்டுட்டு தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளைன்னு கேரளா பார்டர் வரைக்கும் ஒரு ரவுண்டு போங்க, 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்த ஊருங்க இதெல்லாம், தேங்காயெண்ணெயும், உள்ளித்தீயலும் (வறுத்த தேங்கா அரைச்சு வெக்கிற சின்ன வெங்காயக் கொழம்பு), எரிசேரியும் (தேங்கா போட்ட காய்க்கூட்டு) இங்க வீட்டுச் சாப்பாடு.

எப்ப வர்றீங்கங்கறதுதான் மேட்டர். ஸ்கூல் லீவுன்னு ஜூன், ஜூலையில வந்தா குளச்சல் பக்கம் விசைப்படகுக்கு மீன்பிடி தடை, ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும். வள்ளத்துல (நாட்டுப்படகுல) போறவங்க கொண்டுவர்ற சாளை (மத்தி), நெத்திலி கிடைக்கும், பெரிய மீனுக்கு விலை எகிறும். சக்கையும் (பலாப்பழம்) மாங்காவும் வேணும்னா ஏப்ரல், மே. ஓணத்துக்கு முந்தின வாரம் ஏத்தங்குலை (நேந்திரன் வாழைத்தாரு) வாங்கப் போயிடாதீங்க, கேரளாக்காரங்க மொத்தமா அள்ளிட்டுப் போறதால விலையக் கேட்டாலே தலை சுத்தும்.

வாழைப்பழத்துல மட்டிய விட்டுடாதீங்க. 2023ல புவிசார் குறியீடு கிடைச்ச பழம், கல்குளம், விளவங்கோடு பக்கம் வெளையுறது. வெரல் நீளந்தான் இருக்கும், நுனி கொஞ்சம் மூக்கு மாதிரி நீட்டிட்டு நிக்கும், தோலு ரொம்ப மெலிசு, உரிக்கும்போதே மணம் தூக்கும், கைக்கொழந்தைக்கு மொதல்ல ஊட்டுறதே எங்க ஊர்ல இதத்தான். செம்மட்டி, தேன்மட்டின்னு வகை இருக்கு. பளபளன்னு ஒரே மஞ்சளா இருக்குறத எடுக்காதீங்க, "அண்ணாச்சி, தானா பழுத்ததா, மருந்து வெச்சதா?"ன்னு நேராவே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டாங்க. அரை சீப்பு வாங்குங்க போதும், ரெண்டு நாள்ல கனிஞ்சு கொழகொழன்னு ஆயிடும்.

சாயங்காலம் டீக்கடையில மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன்கறியும் கேளுங்க. கிழங்க அவிச்சு தண்ணிய வடிச்சுட்டு, தேங்கா, வத்தமிளகா, சீரகம், பூண்டு அரைச்சுப் போட்டு மசிச்சுத் தருவாங்க, மேல புளி தூக்கலா சாளைக்கறி. வீட்ல செய்யப் போறீங்கன்னா தண்ணிய மூடாம கொதிக்கவிட்டு கட்டாயம் கீழ ஊத்திடுங்க, பச்சைக் கிழங்குல நஞ்சு இருக்கு, வெளையாட்டு இல்ல.

மார்த்தாண்டம் தேன் பத்தி ஒண்ணு. இங்க நெறய தேன் ரப்பர் தோட்டத்துல எடுக்குறது, ரப்பர் தளிர் இலைக்காம்புல சொரக்குறத தேனீ எடுக்கும், ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் சீசன். இது சீக்கிரமே உறைஞ்சு சீனி மாதிரி ஆகும், ஒடனே கலப்படம்னு தூக்கிப் போட்டுடாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில பாட்டில வெச்சா எளகிடும்.

கொண்டு போறதுல நியூசிலாந்துக்காரங்க தேனத் தொடவே தொடாதீங்க, ஏர்போர்ட்லயே புடுங்கிடுவாங்க. ஆஸ்திரேலியாவுக்கு எந்த சாப்பாட்டுப் பொருளா இருந்தாலும் டிக்ளேர் பண்ணிடுங்க, பச்சைப் பழம் வேலைக்கே ஆகாது. பால்கோவா மாதிரி பால் ஸ்வீட்ட லண்டன், ஐரோப்பா பக்கம் விடமாட்டாங்க. நல்லமிளகு (கருமிளகு), கிராம்பு, ஏத்தங்காய் சிப்ஸ் இதெல்லாம் பெரும்பாலும் பிரச்சினை இல்ல, இருந்தாலும் உங்க நாட்டு கஸ்டம்ஸ் சைட்ட ஒருதடவ பாத்துடுங்க. சிப்ஸ கெளம்புற அன்னைக்கு, கண்ணு முன்னாடி எண்ணெய்ச்சட்டில பொரிக்கிற கடையில வாங்குங்க, நல்லா ஆறினப்புறம் பேக் பண்ணச் சொல்லுங்க, சூட்டோட கட்டினா நமத்துப் போயிடும்.