அதிக உதிரப்போக்கு நாட்களில் கறை படாமல் தூங்குவது எப்படி?

காலையில் எழுந்து பார்த்தால் நைட்டியின் பின்பக்கம் நனைந்திருக்கும். பேடைக் கழற்றினால் அதன் முன்பாதி வெள்ளையாகவே இருக்கும். மாதவிடாயில் அதிகமாக உதிரம் போகும் பெண்கள் பலருக்கும் பழகிய காட்சி இது. அடுத்த முறை இன்னும் தடிமனான பேட் வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பேடில் உறிஞ்சுவதற்கு இடம் மிச்சமிருந்தது. உதிரம் அங்கே போய்ச் சேரவில்லை. நிற்கும்போது நேராகக் கீழே இறங்கும் உதிரம், மல்லாந்து படுத்ததும் பிட்டத்தின் நடுப்பிளவு வழியாகத் தோலை ஒட்டியே பின்னால் ஓடிவிடுகிறது. அதனால் பேடை எங்கே வைக்கிறோம், அது உடம்போடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பதை முதலில் சரிசெய்வோம்.

படுக்கப் போவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

- 320 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள, பின்பக்கம் அகன்ற, இறக்கை வைத்த பேட். ‘எக்ஸ்எல்’, ‘எக்ஸ்எக்ஸ்எல்’ என்ற எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாக்கெட்டில் போட்டிருக்கும் மி.மீ. அளவைப் பாருங்கள்.
- இடுப்பு வரை ஏறி நிற்கும், எலாஸ்டிக் தளராத பருத்தி ஜட்டி. அதன் மேல் போட இறுக்கமான ஷார்ட்ஸ் அல்லது இன்னொரு ஜட்டி.
- அடர்நிறத் துண்டு ஒன்று, குழந்தைகளுக்குப் போடும் ரப்பர் ஷீட் ஒன்று.
- கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பை: மாற்று பேட் 2, மாற்று ஜட்டி, பழைய செய்தித்தாள், டார்ச். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் வாளியில் தண்ணீரையும் முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுங்கள்.

படி 1: கடைசி நிமிடத்தில் பேட் மாற்றுங்கள்

பல் தேய்த்து, விளக்கை அணைக்கும் முன் செய்யும் கடைசி வேலை இதுவாக இருக்கட்டும். இரண்டு மணி நேரம் முன்புதான் மாற்றினோம் என்று விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே பாதி நனைந்த பேட், புதிதாக வரும் உதிரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். அதற்குள் உதிரம் பக்கவாட்டில் வழிந்துவிடும்.

ஜட்டி உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்திலும் பவுடரிலும் பேடின் பசை பிடிக்காது. நடு இரவில் சுருண்டுவிடும்.

படி 2: படுக்கும் விதத்துக்கு ஏற்ப வையுங்கள்

மல்லாந்து படுப்பவர்கள் பேடின் மூன்றில் ஒரு பங்கு முன்னாலும், இரண்டு பங்கு பின்னாலும் வருமாறு ஒட்டுங்கள். பின்முனை கிட்டத்தட்ட முதுகெலும்பின் கீழ்நுனி வரை ஏறினால் சரி. குப்புறப் படுப்பவர்களுக்கு இது தலைகீழ்: அகன்ற பக்கம் முன்னால் வரட்டும். ஒருக்களித்துப் படுப்பவர்கள் நடுவில் ஒட்டி, இறக்கைகளை ஜட்டியின் அடியில் நன்றாக அழுத்திவிடுங்கள். அவர்களுக்குத் தொடைப் பக்கமாகத்தான் வழியும்.

மல்லாந்து படுப்பவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பேட் தட்டையாக நிற்க, பிட்டப் பிளவு உள்வாங்கி இருப்பதால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுகிறது. கறைக்கு அதுதான் வழி. பேடின் பின்பாதியை அடியிலிருந்து நீளவாக்கில் கிள்ளி, நடுவில் ஒரு மேடு உண்டாக்கி ஒட்டுங்கள். அந்த மேடு பிளவுக்குள் போய் உட்கார்ந்து, ஓடிவரும் உதிரத்தை அங்கேயே இழுத்துக்கொள்ளும். மேடு நிற்கவில்லை என்றால் சுத்தமான பருத்தித் துணியை விரல் கனத்துக்குச் சுருட்டி அதே இடத்தில் வைக்கலாம். மேலே ஷார்ட்ஸ் போடுவது இதையெல்லாம் அசையாமல் பிடித்துக்கொள்வதற்காகத்தான்.

ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேட் வைக்காதீர்கள். மேல் பேடின் அடியில் பிளாஸ்டிக் தாள் இருப்பதால் உதிரம் கீழ்ப் பேடுக்கு இறங்கவே இறங்காது. கனம் கூடி இரண்டும் நழுவும். நீளம் போதவில்லை என்றால் ஒன்றை முன்னால், ஒன்றைப் பின்னால் என நுனிகள் சற்றே ஏறியிருக்கும்படி ஒட்டுங்கள்.

படி 3: படுக்கையைத் தயார் செய்யுங்கள்

மெத்தை, அதன் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் படுக்கை விரிப்பு, கடைசியாக இடுப்பு வரும் இடத்தில் குறுக்காக இரண்டு மடிப்பு மடித்த துண்டு. ரப்பர் ஷீட்டை நேராக உடம்புக்கு அடியில் போட்டால் வியர்த்து, தோல் எரியும். துண்டு நகராமல் இருக்க இரு ஓரத்தையும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். பாயில் படுப்பவர்களுக்குத் துண்டு மட்டும் போதும்.

ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கித் தொடைகள் சேர்ந்திருக்கும்படி படுப்பது பலருக்கு உதவுகிறது. ஆனால் இரவு முழுக்க அப்படியே கிடக்க வேண்டும் என்று விறைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம்தான் கெடும்.

படி 4: அலாரம்

உதிரம் அதிகம் போகும் ஓரிரு இரவுகளில், படுத்து 3 அல்லது 4 மணி நேரத்தில் ஓர் அலாரம் வையுங்கள். கறைக்குப் பயந்து அடிக்கடி விழித்துப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு முறை எழுந்து மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது நல்லது.

படி 5: எழும் முறை

படுத்திருக்கும்போது உதிரத்தில் ஒரு பகுதி உள்ளேயே தேங்கும். எழுந்து நின்றதும் மொத்தமாக, சில நேரம் கட்டியோடு இறங்கும். இரவு முழுவதும் தாங்கிய பேட் அந்த நொடியில்தான் தோற்றுப்போகும். திடீரென்று எழாமல், பக்கவாட்டில் திரும்பி, தொடைகளைச் சேர்த்து, துண்டை ஒட்டிப் பிடித்தபடி உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு நேராகக் கழிப்பறைக்குப் போங்கள். கழற்றிய பேடைத் தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிப்பறைக் குழிக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

கப், டாம்பூன், துணி

மாதவிடாய்க் கப் (உள்ளே வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணம்) ஏறக்குறைய 20 முதல் 30 மி.லி. வரை பிடிக்கும். சாதாரண பேடைவிட இது கூடுதல் என்பதால், பழகியவர்களுக்கு இரவில் இதைப்போல் உதவுவது வேறில்லை. பெரும்பாலான கப்களை 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்றாலும், அதிகம் போகும் இரவில் அதற்கு முன்பே நிரம்பிவிடும். படுக்கும் முன் காலி செய்து வையுங்கள், கூடவே ஒரு பேடும் போடுங்கள். கசிகிறதென்றால் பெரும்பாலும் உள்ளே முழுதாக விரியவில்லை: விரலால் அடிப்பகுதியைச் சுற்றித் தடவி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கும்போது காம்பை மட்டும் இழுக்காமல் அடிப்பாகத்தைக் கிள்ளி, காற்றை உள்ளே விட்ட பிறகு இறக்குங்கள். காப்பர்-டி போட்டிருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். இழுக்கும் விசையில் அது இடம் மாறலாம். முதல் முயற்சியை அதிகம் போகும் இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள்; குறைவாகப் போகும் நாளில், பகலில் பழகுங்கள்.

டாம்பூன் (உள்ளே வைக்கும் பஞ்சுச் சுருள்) 8 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கு மேல் தூங்குபவர்கள் இரவில் பேடுக்கு மாறிவிடுங்கள். டாம்பூனோ கப்போ வைத்திருக்கும்போது திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோல் சிவத்தல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

துணி பயன்படுத்துவதில் தவறில்லை. குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் காய வைக்க வேண்டும். பிறர் கண்ணில் படக்கூடாதென்று வேறு துணிக்கு அடியில் ஈரமாக மறைத்துக் காயவைப்பதுதான் தொற்றுக்கு வழி.

கறை பட்டுவிட்டால்

வெந்நீர் வேண்டாம். ரத்தத்தில் இருப்பது புரதம். சூடு பட்டால் உறைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். துணியைத் திருப்பி, கறையின் பின்பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிடுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கசக்கி, என்சைம் கலந்த சலவைத்தூள் கரைசலில் அரை மணி நேரம் ஊறவையுங்கள் (பட்டுக்கு இது ஆகாது). வெள்ளைத் துணியில் மிஞ்சும் கறைக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடு உதவும்; சாயத்துணியில் நிறம் போகலாம். கறை போகும் வரை இஸ்திரி போடாதீர்கள். மெத்தையில் தண்ணீரை ஊற்றாமல், குளிர்ந்த ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள்.

மாத்திரைகள்

மெஃபனாமிக் அமிலம் வலியோடு உதிரப்போக்கையும் ஓரளவு குறைக்கும். சாப்பிட்ட பிறகே எடுக்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. டிரானெக்ஸாமிக் அமிலம் உதிரப்போக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கக்கூடியது. ஆனால் ரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்கு ஆபத்து என்பதால், டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே எடுங்கள். வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், உதிரம் கூடும். கோயில் விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போட வாங்கிய மாத்திரை வீட்டில் இருந்தால், அதைப் பாதியில் போட்டுப் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய சில நாட்களில் மறுபடியும் போக்கு தொடங்கும்.

இது வெறும் கறைப் பிரச்சினையா?

இவ்வளவும் செய்த பிறகும் இரவுப் பேட் 2 மணி நேரம் தாங்கவில்லை என்றால் குறை பேடில் இல்லை. ஒரு மாதவிடாய் முழுவதற்கும் 80 மி.லி.க்கு மேல் போனால் அதிகம் என்று மருத்துவம் கொள்கிறது. அதை வீட்டிலேயே மதிப்பிடலாம்: லேசாகக் கறைபட்ட பேடுக்கு 1, பாதியளவு நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20 என்று ஒரு தாளில் மதிப்பெண் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு மாதவிடாயில் மொத்தம் 100ஐத் தாண்டினால், 7 நாளுக்கு மேல் நீடித்தால், 2.5 செ.மீ.க்கு மேல், அதாவது பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டிகள் வந்தால், அந்தத் தாளோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டுவது), தைராய்டு, ஸ்கேன் ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படும் பரிசோதனைகள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சை அல்லது நெல்லிக்காய்ச் சாறோடு எடுங்கள், டீ, காபியோடு வேண்டாம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போகும் பெண்பிள்ளைகளுக்கு, ரத்தம் உறையாத குறை இருக்கிறதா என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் “அவ அம்மாவுக்கும் இப்படித்தான்” என்று அது கவனிக்கப்படாமலே போகிறது. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்தாலும் மாத்திரை, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கருப்பை வளையம் என்று பல வழிகள் உண்டு. முதல் சந்திப்பிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றால், வேறொரு மருத்துவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், மயக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு வந்தால், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் வீட்டில் ஒருவரை எழுப்பி 108ஐ அழையுங்கள்.