மேற்கு ஏரிக்கு வருகிறீர்களா? முதலில் காலண்டரைப் பாருங்கள்

ஷாங்காயில் வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து யார் சீனா வந்தாலும் ஹாங்சோ மேற்கு ஏரியைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்துவிடும். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம்தான். வருகிறவர்கள் நான் வந்த புதிதில் செய்த அதே சொதப்பல்களைத் தவறாமல் செய்கிறார்கள். பாஸ்போர்ட், செருப்பு, குடை பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

அக்டோபர் முதல் வாரத்தில் வருவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அதையொட்டி நாடு முழுக்க ஒரு வாரம் லீவு. 2025இல் நிலா விழாவும் சேர்ந்துகொண்டதால் 1ஆம் தேதி முதல் 8 வரை. நம் ஊரில் காலாண்டு விடுமுறையும் காந்தி ஜெயந்தியும் அதே சமயத்தில்தான். பல வருடங்களில் ஆயுத பூஜையும் அங்கேயே வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு லீவு, அலுவலகத்தில் இரண்டு நாள் சேர்த்து எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். சீனாவில் பாதிப் பேர் அதே கணக்கைப் போட்டிருப்பது விமானம் இறங்கிய பிறகுதான் தெரிகிறது.

கூட்டம் எந்த ஊரில்தான் இல்லை என்று கேட்கலாம். பெய்ஜிங் அரண்மனைக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. மேற்கு ஏரிக்கரைப் பூங்காக்களை 2002இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். மதில் கிடையாது, டிக்கெட் கிடையாது. சாதாரண நாளில் அதுதான் இந்த ஏரியின் பெரிய அழகு, ஊர்க்காரர்கள் காலையில் வந்து ஆடிப் பாடிவிட்டுப் போவார்கள். லீவு வாரத்தில் அதே திறந்த கரைதான் வினை, ஏனென்றால் யாரையும் வாசலில் நிறுத்த வாசலே இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பனின் அண்ணன் குடும்பத்தோடு வந்தார். கூடவே மாமியார், இரண்டு சின்னப் பிள்ளைகள். எல்லாம் ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் போட்டுக் கொடுத்த திட்டம், அக்டோபர் 2 ஹாங்சோ. ‘அந்த வாரம் வேண்டாம் அண்ணா’ என்று சொன்னபோது, ‘எல்லாம் புக் பண்ணியாச்சு தம்பி, பார்த்துக்கலாம்’ என்றார். ஹோட்டல் வாடகை வழக்கத்தைப் போல மூன்று மடங்கு. ரயில் டிக்கெட் விற்பனை 15 நாட்களுக்கு முன் திறக்கும். நாங்கள் பார்த்தபோது நின்றுகொண்டு போகும் டிக்கெட்தான் மிச்சம். ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் மெட்ரோ நிலையம் லோங்சியாங்சியாவ். கூட்டம் மிஞ்சினால் அங்கே வண்டி நிற்காமல் போய்விடும், அன்றும் அப்படித்தான் போனது. அடுத்த நிலையத்தில் இறங்கி நடந்தோம்.

‘உடைந்த பாலம்’ என்று பெயருள்ள பாலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. வெள்ளைப் பாம்புப் பெண் தன் காதலனைச் சந்தித்ததாகக் கதை சொல்லும் இடம் என்பதால் சீனர்கள் எல்லாருக்கும் அதே ஆசை. பாலத்தின் மேல் நாங்கள் நடக்கவில்லை, கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. சின்னவன் என் தோளில். நின்று ஒரு போட்டோ எடுக்கவோ, திரும்பி வரவோ வழியில்லை. பாலத்தைத் தாண்டினால் ஏரிக்கு நடுவே போகும் பாய் கரை, அது ஒரு கிலோமீட்டர். மாமியார் பாதியில் ‘தண்ணி எங்கேப்பா தெரியுது?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. திரும்பும்போது டாக்சி கிடைக்கவில்லை. மாமியார் அதற்கப்புறம் என்னிடம் அதிகம் பேசவில்லை.

தீபாவளியையொட்டி வாருங்கள், ஏரி வேறு மாதிரி இருக்கும். அது முடியாது, காலாண்டு லீவுதான் என்றால் செப்டம்பர் கடைசியிலேயே வந்து 30ஆம் தேதிக்குள் கிளம்பிவிடுங்கள். இன்னொன்று, நீண்ட லீவுக்கு ஈடாகச் சீனாவில் முன்னும் பின்னும் சில சனி, ஞாயிறுகளை வேலை நாளாக்குவார்கள். 2025இல் செப்டம்பர் 28 ஞாயிறு அப்படிப்பட்ட நாள். அந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை காற்றாடும். இதை எந்த டிராவல்ஸ்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை. மே 1 வாரமும் இதே கதைதான்.

மாட்டிக்கொண்டே ஆகிவிட்டது என்றால் காலை 6 மணிக்குக் கரையில் இருங்கள், 9 மணிக்குக் கிளம்புங்கள். அல்லது உடைந்த பாலம் இருக்கும் வடகிழக்கு மூலையை மறந்துவிட்டு மேற்கே யாங் கோங் கரை, மாவ்ஜியாபு பக்கம் போங்கள். நாணலும் சின்னச் சின்னக் கால்வாய்களுமாக, கூட்டம் அவ்வளவாக எட்டாத பக்கம் அது.

ஏரியை ஒரு சுற்று நடந்துவிடலாம் என்று நினைப்பது

முடியும், ஆனால் நாள் போய்விடும். சுற்றளவு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். சூ கரை மட்டும் நடந்தால் போதும்: 2.8 கிலோமீட்டர், ஆறு பாலங்கள், இரு பக்கமும் தண்ணீர். கவிஞர் சூ டோங்போ இங்கே அதிகாரியாக இருந்தபோது ஏரியைத் தூர்வாரி, அள்ளிய சேற்றைக் கொண்டே போட்ட கரை இது. மார்ச் கடைசியில் வந்தால் பீச் பூக்கள்.

படகு

ஒரு யுவான் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கல் விளக்குகளைப் பார்க்கத்தானே ஏறுகிறீர்கள்? எல்லாப் படகும் அவற்றுக்குப் பக்கத்திலிருக்கும் தீவில் இறக்கிவிடாது. கேட்டுவிட்டு ஏறுங்கள்.

லெய்ஃபெங் கோபுரத்தைப் பழையது என்று நம்புவது

ஏரிக்கரையில் 975இல் கட்டிய கோபுரம் 1924இல் விழுந்துவிட்டது. அதன் செங்கல் நோய் தீர்க்கும், ராசியானது என்று நம்பி ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டு போனதும் அதற்கு ஒரு காரணம். இப்போது நிற்பது 2002இல் திறந்தது, உள்ளே எஸ்கலேட்டரும் லிஃப்டும் உண்டு. அடித்தளத்தில் பழைய செங்கல் குவியலைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் குவியல்தான் பிடித்தது.

கார்டை அங்கே போய் இணைத்துக்கொள்ளலாம் என்பது

செல்போனில் பணம் கட்டும் அலிபே செயலி பிறந்ததே இந்த ஊரில்தான். பழ வண்டிக்காரர் வரை கியூஆர் அட்டைதான். விசா, மாஸ்டர்கார்டு எதுவானாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வீட்டிலிருந்தே திறந்து, ஓடிபி வரும் இந்திய சிம் கையில் இருக்கும்போதே இணைத்துவிடுங்கள்.

கூகுள் மேப்

வேண்டாம், சீனாவில் கூகுளை முடக்கி வைத்திருக்கிறார்கள். ஐபோன் என்றால் ஆப்பிள் மேப் போதும்.

தேயிலை

இந்த ஊர்ப் பச்சைத் தேயிலையான லோங்ஜிங்குக்கு விலை சொல்லும்போது 500 கிராமுக்கா 50 கிராமுக்கா என்று கால்குலேட்டரில் தட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வினிகர் மீன்

ஊரின் பெயர்பெற்ற பதார்த்தம். முள் நிறைய, லேசான சேற்று வாடை. சீனர்களே இதைக் கிண்டல் பண்ணுவார்கள். அந்தக் காசுக்கு டோங்போ பன்றிக்கறி சாப்பிடலாம். சைவக்காரர்கள் எண்ணெய், குழம்புச் சாறு இரண்டையும் தனித்தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள். கீரை வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கக்கூடும்.