வயிற்றுக் கிருமியும் இரைப்பைப் புற்றுநோயும்: ஏலத்தோட்டப் பாதையில் காணும் சில தவறுகள்

கம்பத்திலிருந்து விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. அவற்றில் தூக்குவாளியை மடியில் வைத்தபடி அமர்ந்திருக்கும் பெண்கள் சிலரின் சுருக்குப்பையில், வெற்றிலைக்குப் பக்கத்தில், பாதி கிழித்த ‘கேஸ் மாத்திரை’ அட்டை ஒன்றும் இருக்கும். மேல்வயிறு எரிந்தால் ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த கேஸ் என்பது அவர்கள் முடிவு. பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் எரிச்சல் நீடிக்கும்போதும் அட்டைக்கு மேல் அட்டை வாங்கிப் போடுவதுதான் முதல் தவறு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எரிச்சலை அடக்குமே தவிர, எரிச்சலுக்குப் பின்னால் இருக்கக்கூடிய கிருமியை ஒழிக்காது.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. யூரியேஸ் என்னும் நொதியால் தன்னைச் சுற்றி அம்மோனியாவை உண்டாக்கி, அமிலத்தின் கடுமையைத் தணித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்தில் அது வாழ்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் குடும்பத்துக்குள்ளேயே தொற்றுகிறது; ஆகவே பழியை முழுவதும் மிளகாயின் மேல் போடுவது நியாயமல்ல. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இக்கிருமியை அடையாளம் கண்டபோது மருத்துவ உலகம் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இக்கிருமியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில் சேர்த்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கிருமி இருப்பதாக அறிக்கை வந்ததுமே புற்றுநோய் வந்துவிட்டதாக இடிந்துபோவதும் தவறுதான். தொற்றுள்ள நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரைக்குத்தான் இரைப்பைப் புற்றுநோய் வருகிறது. நாள்பட்ட அழற்சியால் இரைப்பையின் உள்சவ்வு மெலிந்து, சுரப்பிகள் அழிந்து, அந்த இடத்தில் குடலின் செல்களைப் போன்றவை முளைத்து, பிறகு அவை ஒழுங்கு கெட்டு, கடைசியில் புற்றாக மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. புகைபிடித்தலும், கருவாடு போன்ற உப்பிட்ட உணவை மிகுதியாக உண்பதும் அந்த ஆபத்தைக் கூட்டும். சவ்வு மெலிவதற்கு முன்பே கிருமியை ஒழித்தால் பயன் அதிகம். குடல்செல் மாற்றம் வந்த பின் ஒழித்தவர்களோ, ‘கிருமி போய்விட்டது, இனி ஒன்றுமில்லை’ என்று இருந்துவிடாமல், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எண்டோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும்.

பரிசோதனையில் நடக்கும் தவறுகள் அதிகம் பேசப்படுவதில்லை. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ போனால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மருத்துவரிடம் கேட்டு, அவற்றை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்திய பிறகே பரிசோதனைக்குப் போக வேண்டும். கிருமி ஒழிந்ததா என்று அறிய இரத்தப் பரிசோதனை உதவாது. ஒழிந்த பின்னும் நெடுநாள் அது ‘உண்டு’ என்றே காட்டும்.

கிருமியை ஒழிக்கும் சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். வாய்க் கசப்பும் குமட்டலும் தாங்காமல், அல்லது ஐந்தாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டதால், மீதியை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் மிச்ச மாத்திரையை அதே எரிச்சல் உள்ள நாத்தனாருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அரைகுறையாக மருந்து கண்ட கிருமி அதற்கு மசியாமல் போகக்கூடும், குறிப்பாகக் கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு. சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களுக்குக் குறையாமல் பொறுத்து மறுபரிசோதனை செய்தால்தான் ஒழிந்ததா என்று தெரியும்.

தமிழக-கேரள எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. கோட்டயத்தில் ஒருமுறை, தேனியில் ஒருமுறை என்று வைத்தியம் பார்த்துவிட்டு, பழைய மருந்துச்சீட்டை ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே விட்டு வருகிறார்கள். முதல்முறை எந்த ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது என்று தெரியாவிட்டால், இரண்டாவது மருத்துவரும் அதையே எழுத நேரலாம். சீட்டு தொலைந்தால் மாத்திரை அட்டையின் பின்புறத்தையாவது செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கலாம். எடை காரணமின்றிக் குறைந்தாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ, இரத்தசோகை இருந்தாலோ, மலம் தார்போலக் கறுத்தாலோ சீட்டைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இக்கிருமிக்குக் கொடுக்கப்படும் பிஸ்மத் என்னும் மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும்கூட மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதனால் கறுத்தது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.