படகு ஃபிரிட்ஜ் வியர்க்கிறதா?

பாய்மரப் படகில் ஃபிரிட்ஜ் பெட்டியின் வெளிப்பக்கம் நனைந்தே கிடந்தால் துடைத்துப் பயனில்லை. அங்கே குளிர் கசிகிறது. வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பும் வியர்க்கும்.

முதலில் மூடி. இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்தால் ரப்பர் பட்டையை மாற்றியே ஆக வேண்டும். அடியில் வடிகால் துளை இருந்தால் அடைத்துவிடுங்கள். குளிர்காற்று கனமானது, அந்த வழியாகவே ஒழுகிவிடும்.

அப்புறம்தான் சுவர். தண்ணீர் குடித்த பழைய ஃபோம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், பிடுங்கி எறியுங்கள். எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டியான பாலிஸ்டிரீன் ஃபோம் பலகையை இரண்டு அடுக்காக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி ஒட்டுங்கள். மொத்தம் 4 அங்குலம் இருந்தால் நல்லது. வெளிப்புற மூட்டுகளுக்கு அலுமினிய டேப். அதை மறந்தால் ஈரக்காற்று புகுந்து மறுபடியும் அதே கதை.